பஸ்ஸுக்கு எதற்கு வரி

உலகம் முழுக்க வியாபாரம் படுத்துக் கிடந்த வருஷம் அது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வியாசர்பாடியிலிருந்து எங்களுக்கு இருந்த நேர் பஸ்ஸை, நஷ்டம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். நானும், கடையைப் பெருக்கி டீ போட்டுத் தரும் அக்காவும் ஷேர் ஆட்டோவுக்கு மாறினோம்.

ஒருநாள் காலை கன்டெய்னர் லாரி ஒன்று உரசுகிற மாதிரி வர, டிரைவர் ஆட்டோவைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினார். பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்த அக்கா ரோட்டில் விழுந்தாள். வலது கை முறிந்தது. மாவுக்கட்டோடு மறுவாரமே வேலைக்கு வந்தாள். வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான், கம்பெனிகள், மொத்தக் கடைகள் மேல் வரியைக் கூட்டி, அதில் பஸ் விடப்போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. மார்க்கெட்டே கொதித்தது. கடையடைப்பு, ஆர்ப்பாட்டம் என்று முடிவானது. முதலாளி எங்கள் கையிலும் கோஷ அட்டையைத் திணித்தார்.

“யாவாரமே இல்லாத நேரத்துல வரி கேக்கான். கடைய மூடுனா ஒங்களுக்குந்தானே சோறு இல்ல?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. சரக்கு துருப்பிடித்துக் கிடந்ததை நானும் பார்த்தேன். ஆனால் புதுக் காரிலிருந்து இறங்கி வந்து அதைச் சொன்னார்.

“கட தொறந்தா மட்டும் நாங்க எப்டி வர்றது அண்ணாச்சி?” என்றேன்.

“பஸ் விடுறது கவர்மெண்ட் வேலைம்மா.”

“அந்த கவர்மெண்ட்தான உங்களாண்ட கேக்குது?”

அவர் அக்கா பக்கம் திரும்பினார். “நீ முன்னால நில்லு. கையில கட்டு இருக்குல்லா, போட்டோவுல பாவமா தெரியும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அட்டையை மேசைமேல் போட்டாள்.

“கை இன்னாச்சின்னு கேப்பாங்க. பஸ்ஸு இல்லாம ஒட்ஞ்சிச்சின்னு சொல்வேன். பரவால்லியா அண்ணாச்சி?”

நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. ஆனாலும் ஆர்ப்பாட்டம் அமர்க்களமாக நடந்தது. கொஞ்ச நாளில் வரிப் பேச்சு அடங்கிப்போனது. கடைக்குக் கடை லட்டு கொடுத்தார்கள், நான் தொடவில்லை. பிறகு இரும்பு விலை ஏறியது, கடைக்கு மேலே மாடி எழும்பியது. இப்போதாவது வரி கொடுக்கலாமே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸும் வரவில்லை. வியாபாரம் சரியில்லாத நேரத்தில் வரியா என்று இன்றைக்கு யார் பேசினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் கை கோணலாகத்தான் கூடியது. ஆட்டோக் கம்பியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனாள், அதே கையால்.