முட்டைமேல் வரைந்த சிலுவை

ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்து தட்டில் இட்லியை எடுத்து வைத்தபோது செய்தி வந்தது. நம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில், "நம்ம ஃபாதர் காலைல தவறீட்டாருங்க" என்று கட்டிங் மாஸ்டர் எழுதியிருந்தார். யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பிரிண்டிங் செக்ஷன் குழந்தைவேலு. கொமரலிங்கத்துக்காரர், மாரியம்மனுக்குத் தவறாமல் விரதம் இருந்தவர். அவருக்கு ஃபாதர் என்ற பெயர் ஏன் வந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் மூன்று இட்லியையும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அதன் பிறகுதான் புறப்பட்டேன்.

பதினாறாம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று அவர் மகள் கவிதா கேட்டாள். உங்களைப் பற்றித்தான் அப்பா அடிக்கடி சொல்லுவார் என்றாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

குழந்தைவேலு, தனக்கு அர்த்தம் தெரியாத படத்தை அச்சடிக்க மாட்டார். மே மாத வெயிலில் மின்விசிறியும் ஓடாத மேசையில் நின்று கிறிஸ்துமஸ் உடுப்புக்குப் பனிமான் அச்சடித்துக்கொண்டே, டிசம்பர் இருபத்தைந்து என்று யார் குறித்தது என்று கேட்பார். ஏசு பிறந்த ராத்திரி, அவ்வளவு குளிரில் ஆட்டுக்காரர்கள் வெட்டவெளியில் படுத்திருப்பார்களா என்பார். எட்டாம் வகுப்போடு நின்றவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகம் படிப்பார்.

ஓர் ஐப்பசியில் ஈஸ்டருக்கான குழந்தை உடுப்பு ஆர்டர் வந்தது. இரண்டு முயல், நடுவில் பெரிய முட்டை. நான் சாம்பிள் செக்கிங் தலைமைப் பொறுப்பில் இருந்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு சாம்பிளும் வெளியே போகாது. அவர் படத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், ஏசு உசுரோட எந்திரிச்ச பண்டிகைக்கு முயல் எதுக்குங்க? முட்டை எதுக்குங்க?"

செக்கிங் மேசையில் இருந்த பெண்களில் மூன்று பேர் தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்தார். அவர்களும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் பதினோர் ஆண்டு படித்தவள் நான். மறைக்கல்வியை இரண்டு மொழியில் ஒப்பிப்பேன். அதில் முயலும் வராது, முட்டையும் வராது. "சாயம் கையில் ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள், போதும்" என்றேன். ஒரு பெண் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மறுநாள் அவர் மடத்துக்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதிய இடைவேளையில் நான் பிரிண்டிங் அறைக்குள் சென்றேன். அச்சுத் திரைக்கு எடுக்க வைத்திருந்த படத்தின் ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து, முட்டையின் நடுவில் கறுப்பு மையால் ஒரு சிலுவை வரைந்தேன். ஸ்கேல் வைத்துத்தான் வரைந்தேன். ஆண்டவர் இல்லாத ஈஸ்டரை நம் கையால் அனுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். வெள்ளைக்காரர்கள் மறந்துவிட்டார்கள், பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றும் உண்மையிலேயே நினைத்தேன். திரும்பி வந்த குழந்தைவேலு சிலுவையைப் பார்த்தார். ஆர்டர் கொடுத்த பையர் கேட்டிருக்கிறார் என்றேன். அது பொய். அவர் அச்சடித்துக் கொடுத்தார்.

சாம்பிள் திரும்பி வந்தது. பச்சைக் குழந்தை உடுப்பில் மதச் சின்னம் போட்டது யார் என்று பையரிடமிருந்து கடிதம் வந்தது. முதலாளி எங்கள் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். யார் போட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குழந்தைவேலு முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க. முட்டை மொட்டையா இருந்துச்சுங்க."

அறை முழுவதும் சிரித்தது. அந்தச் சாம்பிளில் இருந்த என் கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே அவரை சாம்பிள் பிரிவிலிருந்து எடுத்து, மொத்தச் சரக்கு அச்சடிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். புதுப் படங்கள் அதற்குமேல் அவர் கைக்கு வரவில்லை. அந்த வாரம் அவருக்கு ஃபாதர் என்று பெயர் விழுந்தது. எனக்கு முதுகுக்குப் பின்னால் மதர் என்று ஏற்கெனவே பெயர் உண்டு. மதருக்கேற்ற ஃபாதர் என்று சிரித்தவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். நாளைக்குப் போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவில்லை.

அவர் என்னிடம் முகம் மாறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்து, படித்துக் கண்டுபிடித்ததைச் சொல்வார். வடக்கு நாடுகளில் வசந்தத்துக்கு ஒரு பெண் தெய்வம் இருந்ததாம், முயல் அவளுடையது என்று பலரும் அடித்துச் சொல்கிறார்களாம். என்னை மடக்க அது போதும். ஆனால் அவரே தொடர்ந்து, பழைய காலத்துத் துறவி ஒருவர் அவள் பெயரை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார், முயலைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்த மாதிரி இருக்கிறது, ஆதாரம் போதாது என்றார். முட்டைக்கு வேறு காரணம் கண்டுபிடித்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அந்த நாட்டுக்காரர்கள் முன்பெல்லாம் முட்டை தொட மாட்டார்கள், நாற்பது நாள் முட்டை சேர்ந்துவிடும், பண்டிகையன்று சாயம் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். "கோழிக்குத் தவக்காலம் தெரியாதுல்லீங்க" என்றார். கம்பெனியில் நான் சத்தமாகச் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

குழந்தையை மடியில் வைத்த பழைய எகிப்துப் பெண் தெய்வத்தின் படத்தை ஒரு முறை காட்டினார். எங்கள் மாதா படத்துக்கு முந்தியது. எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் எல்லாம் இரவல் என்கிறீர்களா என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"காடு தோட்டம் கை மாறினா கெணத்தை மூடீட்டு வேற வெட்டறாங்களாங்க? அதே கெணத்துலதானுங்க எறைக்கறாங்க."

தண்ணீர் வேறு என்றேன். இருக்கலாமுங்க என்றார். அந்த வாதம் அங்கேயே நிற்கிறது. இன்றும் நான் தண்ணீர் வேறு என்றுதான் சொல்வேன்.

என் கணவர் அடக்கத்துக்கு அவர் வந்திருந்தார். குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, எங்க ஊட்லயும் இப்படித்தானுங்க என்றார். எல்லோரும் போன பிறகு கல்லறைத் தோட்ட வாசலில் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"நீங்க ஒத்துக்கிட்டிருந்தா, அத்தன பேருக்கு முன்னால சிலுவை போட்டது தப்புன்னு உங்க வாயால சொல்லோணும். அது உங்களுக்குச் சாமிங்க. எனக்கு டிசைனுதானுங்க. டிசைனு தப்புன்னு நான் தெனமும் சொல்றவன்."

ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன்.

அவர் தவறிய அந்த ஞாயிறு அவர் வீட்டில் பெண்கள் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ துக்க வீடுகளில் நான் தலையசைத்து ஒதுங்கியிருக்கிறேன். கவிதா கிண்ணத்தை நீட்டினாள். எடுத்துப் போட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஓர் அரிசி விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவருடன் வேலை செய்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அந்தச் சிலுவையை வரைந்தது குழந்தைவேலு அல்ல, நான். இனி அவரை அவருடைய பெயரால் சொல்லுங்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது என் தவறு ஒன்றைத்தான். இத்தனை ஆண்டுகள் எனக்காக அவர் அதை வைத்திருந்தார். இனி அது என்னிடம் இருக்கும்.