விமானியின் முகத்தில் ஒரு மடிப்பு

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் எனக்குச் ‘சந்தேகப் படக்காரர்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ரூ காய் என்ற வீதிக்குப் பக்கத்துத் தெருவில் இருபத்தாறு வருடம் ஸ்டூடியோ நடத்தினேன். கல்யாணப் படத்தில் இல்லாத ஆளைச் சேர்த்துத் தரச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அதனால் ஒரு முகத்தைத் தொடுமுன் மூன்று கேள்வி கேட்பேன். இது யார்? உங்களுக்கு என்ன முறை? படம் எதற்கு? அப்படியிருந்தும் ஒருமுறை பிசகினேன்.

1. உறைக்குள் ஏழு பேர்

2011இல் ஒரு பிரெஞ்சு மதாம் வந்தார். எழுபது வயதிருக்கும். உறையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வைத்தார். குண்டுவீச்சு விமானம் ஒன்றின் முன்னால் ஏழு இளைஞர்கள். நடுவில் நின்றவனின் கண்களுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு மடிப்பு. அங்கே படமே உரிந்து போயிருந்தது.

மூன்று கேள்வியும் கேட்டேன். அவன் விமானி. உறவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் ஊருக்கு மேலே விமானம் தீப்பிடித்தது. மற்றவர்களைக் குதிக்கச் சொல்லிவிட்டு, வீடுகளைத் தாண்டும்வரை இவன் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தானாம். வயலில் விழுந்து செத்தான். அப்போது நாலு வயதான மதாம் அந்த வீடுகளில் ஒன்றின் கூரைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் நினைவுப் பலகை வைக்கப் போகிறார்கள். அவன் முகம் உள்ள படம் உலகத்தில் இது ஒன்றுதான்.

“என்னைக் காப்பாற்றியவனின் முகத்தை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்” என்றார்.

அவர் போனதும் கவுண்டரில் இருந்த என் மனைவியிடம் வெடித்தேன்.

“பொம்மரிலை வந்தவனுக்கு வீரப் பட்டமோ? உள்ளுக்கை அவன் என்ன செய்தவன் எண்டு ஆர் கண்டது?”

“இஞ்சரப்பா, அந்த மனுசி அழுதுகொண்டு நிண்டது. உங்களுக்கு ஆரைத்தான் நம்பிக்கை?”

எங்கள் ஊரில் பொம்மர், அதாவது குண்டுவிமானம், வந்தால் பதுங்குகுழிப் பங்கருக்குள் ஓடுவதுதான். என் தங்கச்சி ஓடி முடிக்கவில்லை. அவள் படம் கவுண்டருக்கு மேலே மாட்டியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்து அந்த விமானத்தைப் பார்த்தேன். பக்கவாட்டில் சின்னச் சின்னக் குண்டுகள் வரைந்திருந்தார்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று. பதினொன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே யார் வீடோ என்று எரிச்சல் வந்தது.

2. இரவல் கண்

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் அந்தியேட்டி மலருக்குச் செத்தவரின் நல்ல படம் கிடைக்காவிட்டால் தம்பியின் கண்ணை எடுத்து அண்ணனுக்கு வைப்போம். கோட், டை எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். அது எங்கள் ஆட்களிடம் வழக்கம். குடும்பத்தார் தெரிந்தே கேட்பார்கள்.

விமானிக்குப் பக்கத்தில் நின்ற பொடியனின் கண்களை வெட்டி மடிப்பு இருந்த இடத்தில் வைத்தேன். வெளிச்சம் பொருந்தியது. அரை மணி நேர வேலை. மதாமிடம் ஒன்றும் சொல்லவில்லை. நம்பாத கதைக்கு எந்தக் கண் வைத்தால் என்ன என்று நினைத்தேன். அவர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அப்போது கூட எனக்கு உறைக்கவில்லை.

3. குதித்தவர்

அடுத்த கிழமை மதாம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரோடு வந்தார். குதித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர், பலகைத் திறப்புக்கு இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறார் என்றார். கிழவர் என் படத்தைக் கவுண்டரில் வைத்து விமானியின் கண்ணில் விரலை வைத்தார்.

“இது என் கண்” என்றார் ஆங்கிலத்தில்.

வழக்கு வரும் என்று பயந்தேன். பயத்தில் என் பழைய குணம்தான் முந்தியது.

“விமானி வீடுகளைத் தாண்டத்தான் விமானத்தைப் பிடித்திருந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தெரியாது” என்றார். “நான்தான் முதலில் குதித்தேன். கீழே வரும்போது விமானம் திரும்பியதைக் கண்டேன். அவன் திருப்பினானோ, தானாகத் திரும்பியதோ, தெரியாது. நான் குதிக்கும்போது அவன் கை பிடியில் இருந்தது. அது மட்டும் தெரியும்.”

பிறகு யன்னல் பக்கம், ரயில் பாதை இருக்கும் திசையைக் காட்டினார். “இங்கேயும் நாங்கள் குண்டு போட்டோம். ரயிலுக்கென்று போட்டது வீடுகளிலும் விழுந்தது. அதையும் யாராவது கேட்டால் சொல்வேன்.”

இந்த ஆள் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. கடையில் பொய் செய்தவன் நான் ஒருவன்தான். வெட்கமாக இருந்தது. மதாமிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“என் கண்ணை எடுத்துவிடுங்கள்” என்றார் கிழவர். “நான் அங்கே இருக்கவில்லை. குதித்துவிட்டேன்.”

அதை எடுத்தால் மதாமுக்கு அந்த முகம் இல்லை. அவர் கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மடிப்பை அப்படியே விடச் சொன்னார்.

புறப்படும்போது கிழவர் என் தங்கச்சியின் படத்தைப் பார்த்தார். “யார்?” என்றார். சொன்னேன். எப்படிச் செத்தாள் என்றார். அதையும் சொன்னேன். அவள் பெயரைக் கேட்டு, சரியாக வரும்வரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். விமானத்திலிருந்து குண்டு போட்ட ஒருவர் கீழே இருந்தவரின் பெயரைக் கேட்டதை அன்றுதான் கண்டேன்.

படம் திருத்த வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வருகிறவரைச் சந்தேகப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் நீங்கள் நம்பாத ஒருவரின் வேலையில்தான் உங்கள் கையை அதிகம் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடச் சுவர்ப் பலகையில் விமானியின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இன்றும் வெள்ளைக் கோடு இருக்கிறது. நான் செய்ததில் குறை சொல்ல முடியாத வேலை அது ஒன்றுதான்.