இருமுறை திருப்பிய காற்று

புவாண்ட்-கிளேர் நகரில் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஏப்ரல் மழை. என் திரையில் உறைந்த வடதுருவக் கடல். இருபது கிலோமீட்டர் உயரத்தில் ஆளில்லாமல் நிற்கும் ஆகாயக் கப்பல் அனுப்பும் படம் அது. அந்த வெள்ளைக்கு நடுவே மூன்று பேர் கூடாரமடித்து, பனிக்கட்டியின் தடிப்பை அளந்துகொண்டிருந்தார்கள். பனி பிளந்தால் அவர்களை எச்சரிக்க அந்தக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை. கப்பல் நிற்குமிடத்தின் காற்றைக் கணித்துச் சொல்வது என் வேலை.

அன்று காலை மேலே காற்று பலத்தது. கப்பலின் மோட்டார்கள் வெயிலில் ஓடுபவை. ஓரளவுக்கு மேல் காற்றை எதிர்க்க அவற்றால் முடியாது. அப்படியான நேரங்களில் வேறு உயரத்துக்கு மாற்றி, வேண்டிய பக்கம் வீசும் காற்றோடு கப்பலை விடுவோம். கீழ் அடுக்குக் காற்று கப்பலைத் திரும்ப முகாமின் பக்கம் கொண்டுவரும் என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில், கப்பலை ஓட்டும் பறப்பு மேசையிலிருந்த சென்னைக்காரர் கப்பலை இறக்கினார்.

பதினைந்து நிமிடத்தில் கூடாரம் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது. பிறகு காணவில்லை.

“அக்கா, கப்பல் வேற பக்கம் போகுது.”

“பொறும் தம்பி, பாக்கிறன்.”

“பாருங்க. அதுக்கு முன்னாடி முகாமுக்கு ஒரு போன் போடுங்க. மேல இருந்து பாக்க முடியலைன்னு சொல்லணும்ல?”

“காரணம் தெரியாமல் என்னத்தைச் சொல்லுறது?”

“அவங்க காரணம் கேக்க மாட்டாங்க. நீங்க ரிப்போர்ட்ல எழுதத்தான் காரணம் வேணும்.”

எனக்குக் கோபம் வந்தது. போனை எடுக்கவில்லை. முதல் வரியிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினேன்.

துருவத்துக்குக் கிட்ட எங்களுக்கு இரண்டு வடக்கு. ஒன்று பூமியின் வடக்கு. மற்றது, வரைபடத்தில் நாங்கள் போட்ட சதுரக் கட்டங்களின் வடக்கு. காற்றின் திசையை முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றித்தான் பறப்பு மேசைக்குக் கொடுப்போம். எனக்கு முந்தைய வேலை நேரத்தில் இருந்தவர் அதை ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தார். எதையும் நானே செய்து பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இன்னொருமுறை மாற்றியிருக்கிறேன். காற்று கால் வட்டம் திரும்பிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

சரியான காற்றுத் திசையைச் சென்னைக்காரரிடம் சொல்லிவிட்டு, செயற்கைக்கோள் போனில் முகாமை அழைத்தேன். குழுத் தலைவர் மூச்சு வாங்கியபடி பேசினார். கூடாரத்துக்கும் பனி வண்டிகளுக்கும் நடுவில் பனி பிளந்துவிட்டதாம். இருவர் தாண்டிவிட்டார்கள், ஒருவர் இன்னும் அந்தப் பக்கம் என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

கப்பல் மெல்லத் திரும்பியது. சென்னைக்காரர் ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. படத்தின் மூலையில் முதலில் கூடாரம் வந்தது, தனியாக, ஒரு பனித் துண்டின் மேல். அதற்குப் பக்கத்தில் கறுப்புத் தண்ணீர். ஆட்களைத் தேடினேன். கரைப் பக்கம் இரண்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எத்தனை பேர் என்று அந்த உயரத்திலிருந்து தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தலைவர் அழைத்தார். மூன்று பேரும் தடித்த பனிக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வரை நனைந்திருந்தது. பிழை என்னுடையது என்றும், படம் போனது தெரிந்தே இருபத்தைந்து நிமிடம் பேசாமல் இருந்தேன் என்றும் சொன்னேன்.

அவர், “படம் போனால் படம் போச்சு என்று சொல்லுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்றார்.