மொட்டை மாடி பொது இடமா?

அரசாங்கம் எங்கள் குடும்பத்துக்காகவே ஒரு சட்டம் போட்டிருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ பெரிய குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வீர்கள். சிதம்பரத்தில் மாமா வீட்டு மாடிப்படியை ஒட்டி ஓர் அறை, அதில் அம்மாவும் நானும். கடலூர் முதுநகரில் அப்பா மட்டும். நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

அப்பா ஏன் நம்முடன் இல்லை என்று கேட்டால் அம்மா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "உங்கப்பா சிகரெட் புடிப்பாரு. வீட்டுக்கு ஆவாது."

இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. சிகரெட் போனால் அப்பா வந்துவிடுவார். கணக்கில் நான் வகுப்பிலேயே கடைசி வரிசை. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் தினமும் மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன், ஒவ்வொரு தடவையும் விடை சரியாக வரும்.

மாமாவும் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய் சிகரெட் பிடிப்பார். அது எனக்குத் தெரியும். தீப்பெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பதே நான்தான். அவர் மட்டும் எப்படி இந்த வீட்டில் இருக்கிறார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. என் மூளை அப்போதிலிருந்தே அப்படித்தான், தேவையான இடத்தில் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வருவார். வீட்டுக்கு அல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு. மாமா என்னை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்த பேப்பர் கடையில் போய் நின்றுகொள்வார். தொங்குகிற பத்திரிகைகளின் அட்டைகளையெல்லாம் படிப்பார், ஒன்றையும் வாங்கமாட்டார். அப்பாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

அப்பாவுக்கு முதுநகரை அடுத்த குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை. அங்கே கேட்டிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அதனாலோ என்னவோ, சிகரெட் பற்றவைத்தால்தான் அவருக்குப் பேச்சே வரும். முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். புகை படாத பக்கத்தில் என்னை நிறுத்துவார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார். என் பரீட்சை மார்க்கையெல்லாம் அவர் விசாரித்தது எதிரே நின்ற காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸிடம்தான். நானும் பஸ்ஸைப் பார்த்தே பொய் சொல்வேன். இருவருக்கும் வசதி.

பாதி சிகரெட்டில் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை உருவி என்னிடம் கொடுப்பார். "மச்சான்கிட்ட குடுத்துட்டு வா."

நான் ஓடுவேன். மாமா பத்திரிகை அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவார். "நான் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு."

திரும்பி ஓடிவந்து சொல்வேன். அப்பா தலையாட்டுவார். அங்கே ஒரு புகை, இங்கே ஒரு புகை, நடுவில் நான். அந்தச் சிகரெட் தீர்ந்ததும் கடலூர் பஸ் வரும்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "சட்டைய கழட்டு, தொவைக்கணும்." எவ்வளவு காற்றுப் பார்த்து நிறுத்தினாலும் சட்டையில் கொஞ்சம் வாசனை ஏறித்தான் இருக்கும். வாளியில் போடுவதற்கு முன் ஒரு தடவை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். திங்கள் முதல் சனிவரை அதுதான் அப்பா.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் காந்தி ஜெயந்தியன்று, பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது, பிடித்தால் அபராதம் என்று உத்தரவு வந்தது. அதற்கு முன்பும் ஏதேதோ சட்டம் இருந்ததாம். அதற்காக யாரும் சிகரெட்டை அணைத்து மரியாதை செய்ததில்லை. இந்தத் தடவை டிவியில் ஓயாமல் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் போர்டு வைத்தார்கள். ஊரில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் குதித்தேன். வீட்டில் அம்மா, கம்பெனியில் கேட், பஸ் ஸ்டாண்டில் போலீஸ். கோழியை மூன்று பக்கமும் மடக்கியாகிவிட்டது, இனி கூண்டுக்குள் வருவதைத் தவிர அதற்கு வேறு வழி ஏது?

சட்டத்தில் ஓட்டை இருந்துவிடக் கூடாதே என்ற கவலையில் அன்றே மாடி ஏறிப் போய்க் கேட்டேன். "மாமா, மொட்டை மாடி பொது எடமா?"

மாமா புகையை விட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லாயர் சார், கீழ எறங்குங்க."

அன்றிலிருந்து நான் லாயர். ஒருநாள் மாமா வழக்கம்போலச் சிகரெட் வாங்கிவரக் கடைக்கு அனுப்பியபோது கடைக்காரர், "பதினெட்டு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாது தம்பி, போலீஸ் வருது" என்று கையை விரித்துவிட்டார்.

"போன மாசம் குடுத்தீங்களே அண்ணே? போன மாசத்தவிட இப்ப எனக்கு வயசு ஜாஸ்திதானே?"

கடைக்காரர் ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்து அனுப்பினார். சட்டத்தால் நான் நேரடியாக அடைந்த பயன் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு அப்பா வழக்கம்போல பஸ் ஸ்டாண்டிலேயே பற்றவைத்தார். ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"போர்டு கண்ணுக்குத் தெரியல?"

"பேசிக்கிட்டே இருந்தேன் சார், கவனிக்கல."

"சின்னப் புள்ளய பக்கத்துல வச்சிக்கிட்டு இழுக்கற?"

"நல்லா கேளுங்க சார்!" என்றேன் நான். சந்தோஷம் தாங்கவில்லை.

போலீஸ்காரர் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். "யாரு புள்ளடா நீ?"

அப்பா சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "எம் புள்ளதான் சார்" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபம் என்று நினைத்து நான் கொஞ்சம் பின்வாங்கினேன். தள்ளி நின்ற மாமா பேப்பர் கடையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார். எச்சரித்துவிட்டுப் போலீஸ்காரர் போனார்.

அதன்பிறகு அப்பா பஸ் ஸ்டாண்டில் பற்றவைக்கவில்லை. பாக்கெட் மட்டும் சட்டைப் பையில் இருக்கும். வீட்டில் பிடித்த வாசனை அவர் மேல் இருக்கும், என் சட்டையிலும் கொஞ்சம் ஒட்டும். கைகளுக்கு வேலை இல்லாமல் பஸ் டிக்கெட்டைச் சுருட்டுவார், பிரிப்பார். பேச்சும் சுருங்கிப் போயிற்று. மாமாவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கு இல்லை. மாமா எல்லா அட்டைகளையும் இரண்டு தடவை படித்தார். கடலூர் பஸ் வந்ததும் அப்பா உடனே ஏறிவிடுவார். சட்டம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை.

அடுத்த வருஷம் பாக்கெட்டில் படம் போட்டார்கள். எக்ஸ்ரே மாதிரி கறுப்பாக நெஞ்சு தெரிந்தது.

"இது யாரு நெஞ்சுப்பா?"

"அரசாங்கத்தோடது" என்றார் அப்பா. ஆனால் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைப் பை தட்டையாக இருந்தது. கையை விட்டே பார்த்தேன். ஒரு சீப்பு மட்டும்.

"எங்கப்பா?"

"வுட்டுட்டேன்டா."

"பொய்."

"ஒரு மாசம் ஆச்சு. நீதான லாயரு, சோதனை பண்ணிக்கோ."

சட்டையை மோந்தேன், விரல்களை மோந்தேன். சோப்பு வாசனை, இரும்பு வாசனை. அவ்வளவுதான். நான் அவர் கையைப் பிடித்து மொபெட் நின்ற பக்கமாக இழுத்தேன். "அப்ப வாங்க. வீட்டுக்குப் போலாம். மூணு பேருக்கும் எடம் இருக்கு, நான் முன்னாடி நின்னுக்கறேன்."

அப்பா நகரவில்லை. மாமா இருந்த பக்கம் பார்த்தார். மாமா ஓர் அட்டையை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீ மொதல்ல போயி அம்மாகிட்ட சொல்லு" என்றார் அப்பா.

அது நியாயமாகத்தான் பட்டது. திடீரென்று ஓர் ஆள் கூடினால் அம்மா சோறு அதிகமாக வடிக்க வேண்டாமா? பஸ்ஸுக்கு அப்பா காத்திருந்ததைக்கூடப் பார்க்காமல் மாமாவை அவசரப்படுத்தினேன். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா செருப்பைப் படிக்குக் கீழே விடலாம், பாய் இன்னொன்று வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இனிமேல் நீங்கள் வெயிலில் நிற்க வேண்டாம். மாமா ஒரு தடவைகூட லாயர் என்று கிண்டல் செய்யவில்லை. வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அரசாங்கம், போர்டு, எக்ஸ்ரே, தட்டையான பை. நம்புவதற்குச் சாட்சி வேண்டுமே என்று அங்கேயே சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "நீயே மோந்து பாரும்மா. கொஞ்சங்கூட வாசனை இல்ல."

அம்மா சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். பார்த்தாள். மறுபடி காலரைத் திருப்பி மோந்தாள், தோள்பட்டையில் மோந்தாள். இல்லாத ஒன்றை இவ்வளவு நேரம் தேட வேண்டுமா என்று எனக்குப் பொறுமை போயிற்று. அவளுக்கு மூக்கடைப்பு என்று நினைத்தேன்.

"அப்பா வரலாமாம்மா?"

அம்மா சட்டையை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"வாளியில போடு, தொவைக்கணும்."