கிட்ட வரும் செடி

ஒரகடத்தில் ஆலைக்காக மேட்டை வெட்டிக்கொண்டிருந்த ஜேசிபி ஓட்டுநர் அவர். கழுத்தில் ஈரத்துண்டு, ஆளில்லாத வெட்டவெளியிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார். பூச்சி தின்னும் ஒரு காட்டுச்செடி அழிந்துவருகிறதா என்று மதிப்பிடப் போயிருந்த நான், செடியைக் காட்டி, "இது அருகி வருதாண்ணே?" என்றேன்.

"கிட்டவா? ஆமா தம்பி, நான் நோண்டின எடத்துக்குக் கிட்டத்தான் வருது. வேற எங்கியும் வராது."

"அருகின்னா கொறஞ்சு போறதுண்ணே. அப்படி எழுதினா இங்க வெட்றத நிறுத்திடலாம்."

"நிறுத்திட்டா அது எங்க மொளைக்கும்? என் பொழப்பும்ல பூடும்," என்று சிரித்தார்.

சுற்றிலும் தேடினேன். வெட்டிய மண்ணில் மட்டுமே செடி சிவந்து கிடந்தது; மறுவாரம் அங்கே கான்கிரீட் விழும் என்றார். அருகி வருகிறது என்றே எழுதிக் கொடுத்தேன். அதைக் காப்பாற்ற அவரை நிறுத்தவேண்டுமா, இன்னும் கொஞ்சம் வெட்டச் சொல்லவேண்டுமா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.