சட்டைக்கு ஊற்றிய கள்

அம்மாவின் கடைசித் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். பதினேழு வயதில் பினாங்குத் துறைமுகத்தில் அவருக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது. கூடவே கள்ளுக்கடைச் சிநேகிதர்களும் கிடைத்தார்கள். கொஞ்ச காலம் ஆடினார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார். தண்ணீர்மலை முருகனுக்குத்தான் அந்தப் பெருமை என்று அம்மா முடிவுகட்டினாள்.

சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். காய்ச்சலுக்கு ஊசியாம். வெளியே பெஞ்சில் காத்திருப்பதற்கு எனக்குச் சிரப்பு ஊற்றிய ஐஸ் உருண்டை. மாதக்கணக்கில் விடாத காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று கேட்கத் தோன்றவில்லை. வாயில் இனிப்பு இருக்கும்போது எனக்கு எதுவுமே தோன்றாது. இன்றும் அப்படித்தான்.

மாமா மறுபடி குடிக்க ஆரம்பிப்பதற்குள் கால்கட்டுப் போட்டுவிட வேண்டும் என்று பட்டர்வொர்த்தில் பெண் பார்த்தார்கள்.

"இப்ப வேணாங்கா."

"ஏன்டா? காரணத்தச் சொல்லு."

அதை மட்டும் சொல்லமாட்டார்.

பெண்வீட்டார் ஃபெரி ஏறித் தாம்பூலம் மாற்ற வந்த அன்று, மாமா பின்கட்டுக் குழாயடியில் கள்ளுப் போத்தலோடு நின்றிருந்தார். ஒரு வாய் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினார். மிச்சத்தைப் புதுச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "யாருகிட்டயும் சொல்லாதடா. சனிக்கிழமை ரெண்டு ஐஸ்," என்றார்.

பிறகு கூடத்துக்குத் தள்ளாடிக்கொண்டு போனார். அவர் நடிப்பு சுமார்தான். வாசனை பிரமாதமாக நடித்தது. பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "நல்ல வேளை, இன்னைக்கே தெரிஞ்சுது," என்றார்.

அம்மா அழுதுகொண்டே அந்தச் சட்டையைத் துவைத்தாள். மாமாவோடு ஒரு வருஷம் பேசவில்லை.

என் கல்யாணத்துக்கு முன்புதான் மாமா அவராகவே சொன்னார். "அந்த வயசுல குடிச்சிட்டா, கூட்டாளி எந்த வாசலுக்கு இழுத்துட்டுப் போறான்னு பாக்கத் தோணாதுப்பா. சீக்கோட வந்தேன். முழுசா குணமாகாம கட்டுனா அந்தப் பொண்ணுக்கும் ஒட்டிக்கும்னாரு டாக்டரு. இத அக்காகிட்ட எப்படிச் சொல்றது? குடிகாரன்னா பரவால்ல, வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான்."

பெண்ணின் அப்பா "நல்ல வேளை" என்றபோது கூடத்தில் எல்லோரும் தலைகுனிந்திருந்தார்கள். மாமா மட்டும் ஆமாம் என்பதுபோல் தலையசைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஏச்சு வாங்கிய மனிதருக்கு அப்படி என்ன நிம்மதி என்று அன்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு இரண்டு ஐஸ் நினைப்பு.