பேத்தி வண்டி கேட்ட நாள்

கொரோனா அடங்கி, சிதம்பரத்தில் மறுபடியும் தேர் ஓடிய வருடம் அது. தேர்க் கூட்டத்திலும் பேத்தி மலரை என் தோளில்தான் வைத்திருந்தேன். கடலூரில் அவள் பள்ளிக்கூடம் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் மொபெட்டில் கொண்டுபோய் விடுவேன். நான் வெறுங்காலோடு மாடு மேய்த்தவன்; பேத்தியின் கால் மண்ணில் படக் கூடாது என்பது என் கௌரவம். "புள்ள நடக்கட்டும், வுடுங்க மாமா" என்று மருமகள் சொன்னால் முறைப்பேன்.

அந்த வருடம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பள்ளி விளையாட்டு விழா. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம். விசில் ஊதியதும் எல்லாரும் ஓடினார்கள். மலர் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் என்னைக் கண்டதும், "தாத்தா, வண்டிய எடுத்துக்கினு வா" என்று கத்தினாள்.

மைதானமே சிரித்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "போங்க பெரியவரே, சவாரி வந்துடுச்சி" என்றார். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மலர் அழுதாள். எனக்குத் தெரிந்தது. அவளைத் தூக்கப் போன எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது நடந்துதான் போகிறோம். "சீக்கிரம் வா தாத்தா" என்று முன்னால் ஓடுகிறாள்.

உங்கள் பக்கத்துப் பள்ளி வாசலில் வண்டியோடு நிற்கும் தாத்தாக்களிடம் இதைச் சொல்லுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்.